சுபேதார் வீட்டம்மா

காலையிலிருந்தே வேண்டாவுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், பூட்டிய கதவை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள். மகன் சரவணகுமார் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். சிறுசேரி கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்குகிற வண்டி அது.

"நீ டூட்டிக்குப் போடா. நான் பஸ்ஸுல போய்க்கிறேன்."

"மிலிட்டரிக்காரங்க சங்கத்துல நாலு கேள்வி கேப்பாங்க. நீ இன்னான்னு சொல்லுவ? ஏறும்மா."

சொல்லத் தெரியாமல் இல்லை. இவன் காதில் விழுந்துவிடுமே என்றுதான் பயம்.

புருஷன் முனிசாமி போய்ச் சேர்ந்து நாலு மாதம். அவர் பென்ஷன் நின்றுபோனது, இவளுக்கு வர வேண்டியது இன்னும் வரவில்லை. பேங்க்கில் ராணுவ டிஸ்சார்ஜ் புக்கைக் கேட்டார்கள். காணோம் என்று மகனிடம் சாதித்துவிட்டாள். அது இப்போது அவள் பைக்குள்தான், பழைய துண்டில் சுற்றிக் கிடந்தது. சங்கத்தில் தனியாகக் காட்டி உதவி கேட்கலாம் என்றிருந்தாள். மகன் முன்னால் பிரித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஊருக்கு அவர் சுபேதார். பெண் பார்க்க வந்த அன்று யாரோ கிளப்பிவிட்டது, மனுஷன் மறுக்கவில்லை. கல்யாணமான பிறகு இவளிடம் மட்டும் உண்மையைச் சொன்னார்: ராணுவத்தில் சமையல்காரர். "வெளிய தெரிஞ்சா அடுப்பூதுனவன்னு சிரிப்பானுங்க" என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். அதோடு வீட்டு அடுப்பங்கரைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. இவள் காய்ச்சலில் முனகிக்கொண்டு கிடந்தபோதும் கடை இட்லிதான். மகனோ அப்பா சுபேதார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். அவன் முகத்தை நினைத்தால்தான் இவளுக்குப் பதறியது.

அச்சரப்பாக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் முன்னாள் படைவீரர்கள் கூடியிருந்தார்கள். அங்கே ஒரு வழக்கம். எழுந்து நம்பர், ரேங்க், பேர் சொல்லிவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். விதவைகள் புருஷனுடையதைச் சொல்ல வேண்டும். வரிசை வேண்டாவை நெருங்கியது. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று நழுவப் பார்த்தாள். அதற்குள் மகன் எழுந்துவிட்டான்.

"சுபேதார் முனிசாமி. எங்கப்பா. தவறிட்டாரு."

செயலாளர் தனகோடி கண்ணாடியைக் கழற்றினார். "எந்த முனிசாமி? நம்ம குக்கு முனிசாமியா?"

நம்ம முனிசாமியா? இவருக்கு எப்படி அவரைத் தெரியும்?

"ரெண்டாவது ஞாயித்துக்கிழமை ஆனா வந்து எங்களுக்கு ஆக்கிப் போட்டுகினு இருந்தாரே. வூட்டுப் பக்கம் யாரும் வராதீங்கன்னு சொல்லி வெச்சிருந்தாரு. போனும் எடுக்கல. இப்டி ஆயிருக்கும்னு தெரியாமப் போச்சேம்மா."

செங்கல்பட்டில் வேலை இருக்கிறது என்று கிளம்பிப் போவாரே, அந்த ஞாயிற்றுக்கிழமைகள். சீட்டாடப் போகிறார் என்றல்லவா இவள் சண்டை பிடித்தாள்.

"இன்னாம்மா சொல்றாரு இவுரு?" சரவணகுமார் அம்மா பக்கம் திரும்பினான்.

வேண்டா பையிலிருந்து துண்டை எடுத்துப் பிரித்தாள். "சரியாத்தான் சொல்றாரு. உங்கப்பா குக்கு. என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாருடா."

அவன் உட்கார்ந்துவிட்டான். தனகோடி புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். "இது ஒண்ணு போதும்மா. நாளைக்கே பேங்க்குக்கு நான் கூட வரேன். முடிச்சிக் குடுத்துட்டுத்தான் நவுருவேன்."

மத்தியானம் எல்லோருக்கும் பொட்டலம் வந்தது. தனகோடி ஒரு வாய் போட்டுவிட்டு அலுத்துக்கொண்டார். "அவுரு வராததுலேர்ந்து பார்சல்தான். அந்த மட்டன் கொயம்பு இனிமே எங்க? உங்களுக்குத் தெரியாததா?"

வேண்டா பிசைந்த சோற்றை அப்படியே விட்டாள். ஆத்திரமாக வந்தது, அழுகையும் கூடவே வந்தது.

"தெரியாதுண்ணா," என்றாள். "எப்டி இருக்கும், சொல்லுங்க."