ரோசியின் வேப்பமரம்

உளுந்தூர்பேட்டை சாலையில் மரம் அறுக்கிறார்கள். பச்சை மரத்தின் வாடை பஸ்ஸுக்குள் வந்ததும் ஜன்னலை இழுத்து மூடினேன்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்தபோது எனக்குப் பதினொரு வயது. எங்கள் சபையில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் அன்றே கோயில் தோட்டத்தில் அதன் பெயரில் ஒரு வேப்பங்கன்று வைப்பார்கள். மரம் பட்டுப்போனால் பிள்ளைக்கு ஆகாது என்று பெண்கள் நம்பினார்கள். என் மரமும் என் தோழி ரோசியின் மரமும் சாலையோரம் நின்றன.

ஒரு மத்தியானம் நாலு பேர் கோடரியோடு வந்தார்கள். சபையையும் தோட்டத்தையும் பார்த்துக்கொண்ட உபதேசியார் அப்பாதான்; நான் அவர் பக்கத்தில் நின்றேன்.

“ரோட்ட மறிக்க மரம் ஒண்ணு வோணும். நீங்களே காட்டுங்க.”

“புள்ளைங்க பேருல வெச்சதுங்க.”

“நாங்களா வெட்டினா ஒண்ணும் மிஞ்சாது. அப்புறம் நெழலுக்கு உங்க சாமியத்தான் கூப்பிடணும்,” என்று சிரித்த ஒருவர், கோடரியின் பின்பக்கத்தால் என் மரத்தைத் தட்டினார்.

“அது வேணாங்க. இத எடுத்துக்குங்க.” அப்பாவின் கை ரோசியின் மரத்தைக் காட்டியது. பிறகு என்னிடம், “யாரு கேட்டாலும் அவங்களே வெட்டினாங்கன்னு சொல்லு” என்றார்.

அந்த மழைக்காலத்தில் ரோசி காய்ச்சலில் படுத்தாள். ஆறாம் நாளும் இறங்கவில்லை. கட்டிலருகே அப்பா ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார்.

“அத்தினி மரம் இருக்க, ஏன் கண்ணு எம்பொண்ணு மரத்த வெட்டினாங்க?” என்று அவள் அம்மா என்னைக் கேட்டார்.

“அவங்களே வெட்டினாங்க,” என்றேன்.

ரோசி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.