மலைக்காரர்களைப் பற்றி இரண்டு பக்கம்

பினாங்கில் நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் சீன எழுத்துள்ள தாளைக் குப்பையில் போடக் கூடாது. சாயங்காலமானால் ஒரு சீனக் கிழவர் மூங்கில் கூடையோடு வந்து, சீன எழுத்துள்ள துண்டுத்தாள்களை எல்லாம் பொறுக்கிப் போவார். எழுத்து காலில் மிதிபடக் கூடாது என்று, கோயிலில் அதற்கென்றே இருக்கும் அடுப்பில் எரித்து, சாம்பலைக் கடலில் கரைப்பார்களாம். வந்த புதிதில் அது தெரியாமல் அப்படியொரு தாளில் கை மையைத் துடைத்துவிட்டேன். கிழவர் ஹொக்கியன் என்ற அவர்கள் சீனப் பேச்சில் கத்தினார். தரை அழுக்கு என்கிறார் போலும் என்று நான் துடைப்பத்தை எடுத்து அந்தத் தாளையும் சேர்த்துக் கூட்ட, அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

நான் ஆங்கில அச்செழுத்துக் கோப்பவன். எங்கள் அச்சகத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓர் ஆங்கில ஆராய்ச்சி இதழ் வரும். சீனர்களின் பண்பாடு, அவர்கள் விட்டுவந்த ஊர்களின் வரலாறு, இவைதான் அதில் இருக்கும். இதழாசிரியர் லிம் என்ற சீனர், பள்ளிக்கூட வாத்தியார். தம் பாட்டனார் மலையில் தேயிலை மூட்டை சுமந்தவர் என்று ஊர்ப் பெயரோடு அவரே எழுதினார். அந்தப் பக்கத்தைக் கோத்தபோது எனக்கு வியர்த்தது. ஏனென்றால் நான் கொல்லிமலைக்காரன், அங்கே தேவனூர் நாடு என்னும் ஊர்த்தொகுதியில் பிறந்தவன். அடிவாரத்து மிஷன் பள்ளியில் நாலெழுத்துப் படித்துக் கப்பலேறியதும், நாமக்கல் பக்கத்துப் பண்ணைக்காரர் மகன் என்று சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் லிம் கேட்டார். "அடுத்த இதழ் மலை விவசாயிகளைப் பற்றியது. ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் நாட்டு மலைக்காரர்களைப் பற்றி இரண்டு பக்கம் தருவீர்களா?"

எழுதினேன். சாமைச் சோறு தின்பவர்கள், களத்தில் செருப்போடு ஏறினால் சாமி குற்றம் என்று நடுங்குபவர்கள் என்றெல்லாம் எட்ட நின்று பார்த்தவன்போல் எழுதினேன். "இவர்களுக்கென்று வரலாறு ஏதும் கிடையாது" என்றும் ஒரு வரி. படித்துவிட்டு லிம், "நேரில் போய்ப் பார்த்தவர் எழுதியதுபோல் இருக்கிறது" என்று மெச்சினார். நான் சிரித்தேன்.

போன வருஷம் ஊருக்குப் போனபோது அந்த இதழையும் எடுத்துப்போனேன். அச்சில் வந்த என் பெயரைக் காட்டிப் பெருமையடிக்க ஆசை. அங்கே ஒருவருக்கும் இங்கிலீஷ் தெரியாது என்ற தைரியம் வேறு. அப்பா ஊரையே களத்தில் கூட்டிவிட்டார். "நம்ம சங்கதி பொஸ்தகத்துல வந்திருக்குதுங்க! படி சாமி!" என்றார். நான் ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் படித்து, அதில் இல்லாததைத் தமிழில் சொன்னேன். எங்கள் மிளகுக்கு ஈடில்லை, எங்கள் ஜனம் சொன்ன சொல் தவறாது என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன்.

என் அத்தை, அப்பாவின் அக்கா, எழுந்து பக்கத்தில் வந்தார். சாமி கும்பிடும் நாளில் எங்கள் வம்சத்தின் ஏழு தலைமுறைப் பெயர்களையும் தடுமாறாமல் சொல்வது அவர்தான்.

"ஏங்கண்ணு, அந்த ஏழு பேரையும் எழுதுனியா?"

"எழுதியிருக்கேனுங்க அத்தை."

"எங்க, காட்டு."

கை போன இடத்தில் விரலை வைத்தேன். வரலாறு கிடையாது என்ற வரி அது. அத்தை அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவருக்குப் பின்னால் வரிசையாக எல்லோரும் ஒற்றிக்கொண்டார்கள். அப்பா இதழுக்கு மஞ்சள் தடவிச் சாமி மாடத்தில் வைத்தார். அதை அங்கேயே விட்டுவிட்டுக் கப்பலேறினேன்.

பினாங்குக்குத் திரும்பி வந்ததும் லிம் ஆவலாக, "அந்த மலைக்காரர்களைப் பார்த்தீர்களா?" என்றார்.

"வழியில் இரண்டொருவரைப் பார்த்தேன்" என்றேன்.

நேற்று மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் அந்த ஏழு பெயர்களையும் ஆங்கில எழுத்தில் கோத்தேன். எட்டாவதாக அப்பா பெயரையும் கோத்து, அதன் கீழ் என் பெயரின் முதல் எழுத்தைக் கையில் எடுத்தேன். வாசலில் லிம்மின் குரல் கேட்டது. அவர் உள்ளே வருவதற்குள் எட்டுப் பேரையும் கலைத்து, எழுத்துகளை அச்சுப் பெட்டியில் அதனதன் அறையில் போட்டுவிட்டேன்.