கருகிய எலிப்பல்

செந்தமிழ்ச்செல்விக்குச் சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. எலி எலும்பைக் கழுவிப் பிரித்து எண் போடுவாள். ஆயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முன் ஒரு தீவில் வாழ்ந்து, பிறகு அதைவிட்டே போய்விட்டவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்பதுதான் அங்கே ஆராய்ச்சி. மனித எலும்பு ஒன்றுகூட அகப்படவில்லை. குப்பைமேட்டில் எலி எலும்பு மட்டும் ஏராளமாகக் கிடைத்தது. மனிதர் மிச்சம் வைத்ததைத் தின்ற எலிகள். அந்த எலும்பைப் பொடித்துச் சோதித்தால் அவை தின்றது மீனா, கிழங்கா என்று தெரிந்துவிடும்.

"பார்த்ததும் எந்தக் கால் எலும்புன்னு சொல்லிடறியே, எப்படிம்மா?" என்று தலைமை ஆய்வாளர் தேவதர்ஷினி ஒருநாள் கேட்டார்.

"காலேஜ்ல விலங்கியல் படிச்சேங்க மேடம்."

அப்பா என்ன செய்கிறார் என்றதற்கு "விவசாயம்" என்றாள். கச்சிராயபாளையத்துப் பக்கம் பாவாடை என்ற அவள் அப்பாவுக்கு ஒரு குழி நிலம் கிடையாது. ஊரார் நிலத்தில் கூலி வேலை. அறுப்பு முடிந்தால் எலி பிடிப்பார். அந்த நாட்களில் வீட்டில் எலிக்கறிதான். ஆறாம் வகுப்பில் ஒருத்தி அவள் தட்டை மோந்து பார்த்து மூக்கைப் பொத்தியதிலிருந்து அவள் அதைத் தொடவில்லை.

தை மாதத்தில் தீவு எலும்போடு ஒப்பிட்டுப் பார்க்க வயல் எலிகள் தேவைப்பட்டன. ஆய்வு மாணவன் இளமாறன் யார் யாரையோ கேட்டு, கல்வராயன் மலையடிவாரத்தில் கண்ணாயிரம் என்ற நிலக்காரரைப் பிடித்துவிட்டான். ஊர்ப்பெயரைக் கேட்டதும், அது தன் ஊர்ப்பக்கம் என்று செல்வி தயங்கினாள். காய்ச்சல் என்று சொல்லிப் பார்த்தாள். "உன் பக்கத்து ஊர் தானேம்மா, நீ இல்லாம எப்படி?" என்றார் மேடம்.

ஜீப் நின்றபோது வரப்பில் கடப்பாரையோடு நின்றது அவள் அப்பாதான்.

"நம்ம ஆளுதாங்க. எலி வளையை மோப்பத்துலயே கண்டுபுடிச்சிருவான்" என்றார் கண்ணாயிரம்.

பாவாடையின் முகம் மலர்ந்தது. வாய் திறக்கப் போனார். செல்வி முகக்கவசத்தைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு கையிலிருந்த வலைப்பெட்டியின் பூட்டை ஆராயத் தொடங்கினாள். ஒரு நொடிதான். அவர் திறந்த வாயை மூடிக்கொண்டு வளைப்பக்கம் திரும்பிவிட்டார்.

வளை வாயில் புகை போட்டு, மண்ணை வெட்டி, ஒவ்வொன்றாகப் பிடித்து வலைப்பெட்டிக்குள் விட்டார். பெட்டியை ஏந்தியபடி அவள் கிட்டே போனபோது சொன்னார்: "தள்ளிக்குங்க மேடம். உள்ள பாம்பு கீம்பு இருக்கும்."

மேடம். பெற்ற மகளை. அவள் நிஜமாகவே தள்ளி நின்றாள்.

சென்னைக்குத் திரும்பிய பிறகு சோறு இறங்கவில்லை. அப்பா பிடித்த எலிகளின் எலும்பைத் தீவு எலும்புகளோடு வரிசையாக வைத்து எண் போட்டாள். இளமாறன் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தான். தீவு எலிகளில் பலவற்றுக்கு முன்பல்லும் பாதமும் மட்டும் கருகியிருந்தன. குப்பையைக் கொளுத்தியபோது அவையும் எரிந்திருக்கும், அவற்றை யாரும் தின்னவில்லை என்பது அவன் முடிவு. அது தப்பென்று முதல்நாளே அவளுக்குத் தெரியும். சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அதனால் எட்டு மாதமாக வாயைத் திறக்கவில்லை.

கட்டுரையை அனுப்புவதற்கு முந்தின கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

"அது குப்பையோட எரிஞ்சதில்லைங்க மேடம். முடி பொசுங்கறதுக்கு முழுசா நெருப்புல வாட்டுவாங்க. உடம்புல கறி இருக்கறதால எலும்புக்குச் சூடு போகாது. வெளிய நீட்டிக்கினு இருக்கற பல்லும் பாதமுந்தான் கருகும்."

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?" என்றான் இளமாறன்.

"எங்க வூட்டுல சாப்புடுவோம். அன்னிக்கு எலி புடிச்சுக் குடுத்தவரு எங்கப்பா."

"அவர்கிட்ட நான் பேர்கூடக் கேக்கலியே" என்றார் மேடம் மெதுவாக.

சனிக்கிழமை ஊருக்குப் போனாள். பஸ்ஸில் யோசித்து வைத்திருந்த மன்னிப்பெல்லாம் வாசலிலேயே மறந்துபோனது. "அப்பா, அன்னிக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"வுடு பாப்பா. பெரிய எடத்துல வேல செய்யற. என்னால உனக்கு இன்னாவாவது ஆயிடுச்சின்னா?"

திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. மறுநாள் அவள் சொன்னதைச் சோதித்துப் பார்க்க இளமாறன் ஊருக்கு வந்தான். "அப்பா, நீ வந்து வாட்டிக் காட்டேன்" என்று கூப்பிட்டாள்.

"நீயே காட்டு. உனக்குத் தெரியாததா?" என்று அவர் கரும்பு வெட்டப் போய்விட்டார். கோபமா, கூச்சமா, அவளுக்குப் புரியவில்லை. தெருவே பார்த்துக்கொண்டிருக்க, அவளே பத்து எலிகளை நெருப்பில் வாட்டினாள். பல்லும் பாதமும் தீவு எலும்பில் இருந்தது போலவே கருகின.

கட்டுரை மாறியது. உணவாக இருந்த கடற்பறவையும் பெரிய சிப்பியும் குறைந்துபோன காலத்தில் அந்தத் தீவுக்காரர்கள் எலியைச் சுட்டுத் தின்று பிழைத்தார்கள் என்று எழுதினார்கள். செல்வியைத் தைரியசாலி என்று பாராட்டினார்கள். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அவள் தலை தாழ்ந்துவிடும்.

இப்போதெல்லாம் பாவாடை போன் செய்தால் முதலில் குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்கிறார்: "பாப்பா, பக்கத்துல யாராவது கீறாங்களா?"

"கீறாங்கப்பா. நீ பேசு" என்கிறாள். அவர் அப்புறம் கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிடுகிறார்.