கோயிலுக்குள் தொங்கிய கப்பல்

நாங்கள் டென்மார்க்கின் ஓல்போர்க்குக்கு வந்த இரண்டாம் வருடம் அப்பாவுக்குப் பழைய வேதக்கோயில் பார்க்கும் பைத்தியம் பிடித்தது. கிழமை முழுக்க மீன் தொழிற்சாலையில் விறைத்துவிட்டு, ஞாயிறானால் எங்களைப் பஸ்ஸில் ஏற்றி ஏதாவதொரு கிராமத்தில் இறக்குவார். எண்ணூறு வருடக் கல்லுக் கோயில், சுற்றிவரக் கல்லறைகள், உள்ளே ஒரு குஞ்சுகுருமான் இருக்காது. பத்து வயதுப் பெட்டைக்கு அதில் என்ன இருக்கிறது? எனக்கு எரிச்சல்தான் வரும்.

அன்றைக்கு அம்மாவும் வந்தது பெரிய காரியம். அம்மாவின் ஒரே தம்பி, என் மாமா, மன்னாரிலிருந்து இந்தியாவுக்கு வள்ளம் ஏறி ஏழு மாதமாகியும் ஒரு கடிதமில்லை. அம்மா சாப்பாட்டுக்கு இருந்தாலும் பாதியில் எழுந்துவிடுவார்.

உள்ளே சுவரில், பேய்கள் பாவிகளை இழுத்துப் போகும் பழைய சித்திரம். அப்பா அதன் முன்னால் நின்றுவிட்டார். "மாதா இல்லாத கோயிலும் ஒரு கோயிலே?" என்று முகம் சுளித்த அம்மா, நடுவில் வந்ததும் அண்ணாந்தபடி நின்றார். முகட்டிலிருந்து ஒரு சின்ன மரக்கப்பல், பாய்களோடு தொங்கியது.

எங்கள் ஊரில் நோய் மாறினால் வெள்ளித் தகட்டில் கையோ காலோ செய்து கோயிலில் வைப்பார்கள். அம்மாவுக்குச் சந்தேகமே வரவில்லை. கடலில் போனவன் கரை சேர்ந்ததற்கு யாரோ செலுத்திய நேர்த்திதான் அந்தக் கப்பல்.

"ஆர் வைச்ச நேர்த்தியெண்டு வாசலில நிக்கிற கிழவியைக் கேள் பிள்ளை. போனவை எல்லாரும் வந்தவையோ எண்டும் கேள்."

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கிழவி வாசலில் கூட்டிக்கொண்டிருந்தா. வீட்டில் டேனிஷ் ஓடியது எனக்குத்தான். அந்தப் பவுசு கொஞ்சம் கூடத்தான். கேட்டேன். கிழவி விளக்குமாற்றைச் சாத்திவிட்டு, ஒரே புயலில் இந்த ஊர் ஆண்கள் எட்டுப் பேர் போனார்கள், ஒருவரும் திரும்பவில்லை, அவர்கள் நினைவாக ஊர்ச்சனம் தொங்கவிட்ட கப்பல் இது என்றா.

திரும்பினேன். அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓம் அம்மா, எல்லாரும் வந்தவையாம்."

அம்மா அந்தக் கல்தரையிலேயே முழங்காலில் விழுந்தார். தம்பி வந்தால் இதேபோல ஒரு கப்பல் தருவதாக வாய்விட்டு நேர்ந்தார். அன்றிரவு வயிறாரச் சாப்பிட்டார். நான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

மூன்று மாதம் கழித்து ஊரிலிருந்து சின்னம்மாவின் கடிதம் வந்தது. வள்ளம் கவிழ்ந்ததைக் கண்டவர்கள் இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தா. அப்பா ஆத்துமப் பூசை ஒப்புக்கொடுக்கலாம் என்றார். அம்மா கடிதத்தை மடித்தார்.

"உயிரோட இருக்கிறவனுக்கோ பூசை? எல்லாரும் வந்தவையெண்டு பிள்ளைதானே கேட்டுச் சொன்னவள்."

நான் பள்ளிக்கூடப் புத்தகத்திலிருந்து தலை தூக்கவில்லை. பிறகும் சொல்லவில்லை. ஒவ்வொரு வருடமும் சொல்வது இன்னும் கடினமாகிப் போனது.

போன வருடம் அம்மாவை அடக்கம் செய்துவிட்டு அலுமாரியைத் திறந்தேன். ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் மாமாவுக்கென்று வாங்கிய சேட்டுகள், மடிப்புக் கலையாமல் இருந்தன. கடைசியாக வாங்கியவை அளவில் பெரியவை; வயது போய் மாமாவுக்கு உடம்பு வைத்திருக்கும் என்று அம்மா கணக்குப் பார்த்திருக்கிறார். அன்றைக்கு அம்மாவுக்கு ஆறுதல் கொடுத்ததாகத்தான் நினைத்தேன். அவர் அழுது முடிக்க வேண்டிய அழுகையை நான் மறித்துவிட்டேன் என்பது பத்து வயதில் எனக்கு விளங்கவில்லை.