மகாதேவன் கட்டிய வருமான வரி

மூடியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மகாதேவன் ஒரே ஓர் எழுத்தை மட்டும் தட்டுவார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். மறுபடியும் தட்டுவார். டைப்ரைட்டருக்குச் சொந்தக்காரியான ஸ்டெனோ, பிள்ளையை டாக்டரிடம் காட்ட வந்தவள் மாதிரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். "பயப்படாதே கொழந்தே, வாயுதான். இந்த ஊர் கடல்காத்து மூட்டுக்கு மூட்டு போய் உக்காந்துக்கறது" என்பார். அவள் பார்ஸியானாலும் கோவாக்காரியானாலும் நோயை மட்டும் தமிழில்தான் சொல்வார். கட்டணத்தை இந்தியில் சொல்வார். இதுவரை யாரும் நோயைப் பற்றி எதிர்க்கேள்வி கேட்டதில்லை.

வைத்தியம் முடிந்ததும் ஒரு காகிதத்தைச் செருகித் தன் பெயரை அடித்து, அதன் கீழே 'டைப்ரைட்டர் ஸ்பெஷலிஸ்ட், மாட்டுங்கா' என்று இங்கிலீஷில் அடித்துப் பார்ப்பார். எழுத்துகள் வரிசையாக விழுந்தால் திருப்தி. காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிடுவார். ஃபோர்ட்டில் உள்ள கம்பெனிகளின் குப்பைக் கூடைகளில் பாதிக்கு மேல் அவர் பெயர் கிடக்கிறது. "எத்தனை ஆபீஸ்ல என் பேர் இருக்கு தெரியுமோ ஓய்?" என்று என்னிடமே பெருமையாகக் கேட்டிருக்கிறார்.

ஐம்பதைத் தாண்டிய ஒல்லி உடம்பு. வெயிலோ மழையோ, சாம்பல் நிறக் கோட்டு இல்லாமல் வெளியே இறங்க மாட்டார். கோட்டின் உள்பக்கத்தில் மனைவி அம்மிணி தைத்துக் கொடுத்த பைகளில் திருப்புளிகளும் குறடுகளும் தொங்குவதால் படி ஏறும்போது கிணுகிணுவென்று சத்தம் வரும். மாட்டுங்காவில் எங்கள் பில்டிங்கில் மாலை ஆறரை மணி என்பதற்கு அதுதான் அடையாளம். ரிப்பன் மை ஏறி விரல் நுனிகள் என்றென்றைக்குமாக ஊதா நிறமாகிவிட்டன. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது.

அவருக்கு முதலாளி கிடையாது. ஆனால் பார்க்கிறவர்கள் சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார்கள். எட்டே முக்கால் லோகல் ரயிலைத் தவறவிட்டால் அன்று முழுவதும் முகம் தொங்கிப்போகும். "லேட் மார்க் விழுந்துடுத்து" என்பார். யார் போடுவார்கள் அந்த மார்க்கை என்று கேட்டால், "ஒழுங்குன்னு ஒண்ணு வேண்டாமா?" என்பார். வருஷத்துக்குப் பன்னிரண்டு நாள் கேஷுவல் லீவு வைத்திருக்கிறார். அது தீர்ந்த பிறகு காய்ச்சல் வந்து படுத்தால், அம்மிணியிடம் "இன்னிக்கு எனக்குச் சம்பளம் கட்" என்று அறிவித்துவிட்டுப் போர்த்திக்கொள்வார். மற்றவர்கள் விஷயத்தில் எப்போதோ உண்மையாகிற இந்த வாக்கியம் அவர் விஷயத்தில் லீவு எடுக்கிற ஒவ்வொரு நாளும் உண்மை என்பது அவருக்குத் தோன்றுவதே இல்லை. மாதா மாதம் ஒரு பிஸ்கட் டின்னில் பத்து ரூபாய் போட்டு அதற்குப் 'பி.எஃப்.' என்று பெயரும் வைத்திருக்கிறார்.

இதற்கெல்லாம் காரணம் எங்கள் பில்டிங்தான். குடியிருப்பவர்கள் அத்தனை பேரும் குமாஸ்தாக்கள். பாங்க், இன்ஷூரன்ஸ், ரயில்வே, துறைமுகம். மாதப் பிறப்பில் மாடிப்படித் திருப்பத்தில் நின்று சம்பளத்தில் பிடித்த வருமான வரியைப் பற்றிப் புலம்புவோம். "இந்த மாசம் ஏழு ரூபாய் பிடிச்சுட்டான் ஓய், எப்படிக் குடித்தனம் பண்றது?" குரல்தான் புலம்பும். முகம் வேறு கதை சொல்லும். ஏழு ரூபாய்க்காரர் நாலு ரூபாய்க்காரரை இரக்கத்தோடு பார்ப்பார். எனக்குப் பதினோரு ரூபாய். ஆகவே நான் கடைசியில்தான் வாயைத் திறப்பேன்.

மகாதேவன் இரண்டு படி கீழே நின்று கேட்டுக்கொண்டிருப்பார். ஒருமுறை யாரோ மரியாதைக்காக, "உமக்கு எவ்வளவு?" என்று கேட்டுவிட்டார்கள். "எனக்குப் பிடிக்க யாரு இருக்கா?" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டார். கல்யாணமாகாத பெண் கொலுவுக்குப் போன இடத்தில் சொல்கிற குரலில் சொன்னார். எனக்குக் கேட்கச் சங்கடமாக இருந்தது.

போன வருஷம் அவர் பெண் சுப்புலக்ஷ்மிக்குச் செம்பூரிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் பாங்கில் இருக்கிறான். அப்பா சுந்தரராமன் ஒரு கம்பெனியில் ஹெட் கிளார்க். ஜாதகம் பொருந்திற்று. பையன் வந்து பார்த்துவிட்டுப் போனான். அதற்கப்புறம் சுப்புலக்ஷ்மி அடுப்படியில் பாட்டு முணுமுணுக்கிறாள் என்று அம்மிணி என் மனைவியிடம் ரகசியமாகச் சொன்னாளாம். முன்னால் வந்த இரண்டு வரன்கள், "சொந்தத் தொழில்னா நாளைக்கு என்ன நிச்சயம்?" என்று கேட்டுக் கழன்றுகொண்டவை. இதுவும் போனால் பெண் தாங்க மாட்டாள் என்று அம்மிணிக்குப் பயம். மகாதேவனுக்கும் பயம்தான், வெளியே சொல்ல மாட்டார்.

சுந்தரராமனும் கடைசியில் அந்தக் கேள்விக்கே வந்து சேர்ந்தார். "வருமானம் ஸ்திரம்தானே? இன்கம்டாக்ஸ் கட்டறேளோ?" என்றார்.

"கட்டாமே?" என்றார் மகாதேவன்.

அதுவரை அவர் ஒரு காசு வரி கட்டியதில்லை. மறுநாளே கேஷுவல் லீவு போட்டுவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு வருமான வரி ஆபீசுக்குக் கிளம்பினார். "நீங்க வாங்கோ ஓய். உங்களுக்குத்தான் இதிலே அனுபவம் இருக்கு" என்றார். எனக்கு என்ன அனுபவம்? பிடித்தது போக மீதியை எண்ணி வாங்கிய அனுபவம்தான்.

அங்கே இருந்த ஆபீசர் சின்ன வயதுக்காரர். மதராஸ் பக்கம். பொறுமையாக உட்கார வைத்து விசாரித்தார்.

"வருஷத்துக்கு எவ்வளவு வருது சார்?"

"நாலாயிரத்து இருநூறு."

"ரிப்பன், ஸ்பேர் பார்ட்ஸுக்கு எவ்வளவு ஆகுது?"

"அது கிடக்கட்டும்."

"கிடக்க விடக் கூடாது சார். தொழில் பண்றவங்களுக்குக் கைக்கு வர்றதெல்லாம் வருமானம் இல்லை. அந்தத் தொழிலுக்காகச் செலவழிச்சதைக் கழிச்சு மிச்சம் நிக்கறதுதான் வருமானம். அது ஒரு எல்லையைத் தாண்டினாத்தான் வரி. ஆபீஸ் ஆபீஸா போறீங்களே, பஸ் சார்ஜ் என்ன ஆகும்?"

மகாதேவன் வேண்டாவெறுப்பாகச் சொன்னார். எண்ணெய், பிரஷ் என்று கேட்கக் கேட்க ஒவ்வொன்றையும் அவர் வாயிலிருந்து பிடுங்க வேண்டியிருந்தது. ஆபீசர் கூட்டிக் கழித்து அடியில் இரண்டு கோடு போட்டார். "உங்களுக்கு வரியே கிடையாது சார். நிம்மதியாப் போய்ட்டு வாங்க" என்று பிரசாதம் கொடுக்கிற முகத்தோடு சொன்னார்.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் போய் நின்றோம். அங்கே மகாதேவன் சொன்னார்: "இத்தனை வருஷமா மாசம் முந்நூத்தம்பது சம்பாதிக்கறோம்னு நெனச்சிண்டிருந்தேன். அந்தப் பையன் ஒரு பென்சிலை வெச்சிண்டு நூறு ரூபாய்க்கு மேலே பிடுங்கிண்டுட்டான் பாத்தேளா?" வாழ்க்கையில் முதல்முறையாக அவர் சம்பாத்தியத்திலும் ஒருத்தர் பிடித்திருந்தார். அதை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பஸ் ஸ்டாப்பிலேயே அடித்திருப்பார்.

அடுத்த வாரம் தனியாகப் போய், செலவு என்கிற இடத்தில் ஒரு பெரிய பூஜ்யம் போட்டுக் கணக்கைத் தாக்கல் செய்துவிட்டு வந்தார். ஆபீசர் அவரைப் பழையபடி பார்க்கவில்லையாம். வருமானத்தை மறைக்கிறவர்கள் தினமும் வருகிறார்கள். செலவை மறைக்கிற ஆசாமியை அவர் இப்போதுதான் பார்க்கிறார். எங்கேயோ பதுக்கி வைத்திருக்கிற பணத்துக்குக் கணக்குக் காட்டத்தான் இந்த மனிதர் துடிக்கிறார் என்று நினைத்தாரோ என்னவோ, ஒருநாள் சாயங்காலம் இன்ஸ்பெக்டர் ஒருவர் எங்கள் பில்டிங்குக்கு வந்துவிட்டார்.

இரண்டு அறைகளையும் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் இருந்த மரப்பெட்டியைத் திறக்கச் சொன்னார். செத்துப்போன டைப்ரைட்டர்களின் கைகால்கள்தான் இருந்தன. பிஸ்கட் டின்னையும் திறந்து பார்த்துவிட்டு, அம்மிணி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, "நல்லா இருக்கு அம்மா" என்று காப்பியைச் சொல்லிவிட்டுப் போனார். அவர் கடைசிப் படியில் இறங்குவதற்குள் மாடி முழுவதும் செய்தி பரவிவிட்டது. மகாதேவன் வீட்டில் ரெய்டு.

அதன் பிறகு எங்கள் மாடிப்படித் திருப்பத்தில் அவருக்கு மேல்படியிலேயே இடம் கிடைத்தது. ஏழு ரூபாய்க்காரர்களும் பதினோரு ரூபாய்க்காரனும் ஒதுங்கி நின்றோம். எங்கள் யாருடைய வீட்டுக்கும் சர்க்கார் நடந்து வந்ததில்லையே. "ரெய்டாமே?" என்று கேட்டால், "சும்மா வந்தா, பேசிண்டிருந்தா, போனா" என்று கோட்டுக் காலரை இழுத்துவிட்டுக்கொள்வார். கொஞ்ச நாளில் முப்பத்தெட்டு ரூபாய் வரி என்று உத்தரவு வந்தது. "ஏன் சார் வீணாக் கட்டறீங்க? இப்பக்கூடச் செலவைக் காட்டலாமே" என்று ஆபீசர் கடைசியாக ஒருமுறை சொல்லிப் பார்த்தாராம். மகாதேவன் பி.எஃப்.பில் கடன் எடுத்துக் கட்டிவிட்டார். பாங்க் முத்திரை குத்திய சலான் அவர் சட்டைப் பைக்கு வந்து சேர்ந்தது. லோகலில் யாராவது விலைவாசியைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், சலான் வெளியே வந்துவிடும்.

இந்தச் செய்தி செம்பூருக்குப் போகாமல் இருக்குமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை சுந்தரராமன் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு லௌகீகம் பேச வந்தார். அக்கம்பக்கத்துப் பெரிய மனுஷன் என்கிற முறையில் நானும் உட்கார்ந்திருந்தேன்.

"சலானைப் பார்க்கலாமோ?" என்றார் சுந்தரராமன். ஹெட் கிளார்க் அல்லவா, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்பக்கம் படித்தார், ஒன்றும் எழுதாத பின்பக்கத்தையும் படித்தார். பிறகு அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"மொதல்லே நாங்க ஒண்ணும் பெரிசா கேக்கலை. உங்க நிலைமை தெரியாது. இப்போ தெரிஞ்சுடுத்து. ரெய்டே வந்ததுன்னும் கேள்விப்பட்டோம். அதனாலே மத்ததோட ஒரு ஜோடி வைரத்தோடும் போட்டுடுங்கோ. உங்களுக்கு இது ஒரு பெரிய விஷயமா?"

அடுப்படி வாசலில் நின்றிருந்த அம்மிணி கதவைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே சுப்புலக்ஷ்மி டம்ளர் கழுவுகிற சத்தம் நின்றுபோயிற்று. பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மகாதேவன் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். ஒரு வாக்கியம் போதும், அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆபீசர் கடைசியாக ஒருமுறை சொல்லிப் பார்த்தும் அவர் வாயிலிருந்து வராத வாக்கியம் அது.

"ஆகட்டும் என்று சொல்லித் தொலைத்துவிடப் போகிறாரே" என்று பயந்தேன். கடனை வாங்கியாவது போட்டுவிடுவேன் என்கிற முகம் அவருக்கு ஒரு கணம் வரத்தான் வந்தது. அப்புறம் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அது செலவு கழிக்காத கணக்கு" என்றார்.

சுந்தரராமனுக்குப் புரியவில்லை. "கழிச்சா?"

"கழிச்சா வரியே இல்லே. ரிப்பன் காசு கொடுத்துத்தான் வாங்கறேன். பஸ் இருக்கு, எண்ணெய் இருக்கு, உள்ளே விடறதுக்குப் பியூனுக்கு டீ வாங்கித் தரணும். எல்லாம் போனா மாசம் இருநூத்தம்பதுகூட நிக்காது. வந்தவா ஒண்ணும் எடுத்துண்டு போகலை. எடுக்கறதுக்கு ஒண்ணுமில்லே."

ஒவ்வொன்றையும் நிதானமாக, மெஷினின் கோளாறைச் சொல்கிற குரலில் சொன்னார்.

"அப்போ இந்த முப்பத்தெட்டு ரூபாய்?"

"கட்ட வேண்டாததுதான்."

"பின்னே எதுக்கு ஓய் கட்டினேள்?"

"நீங்க கேட்டேளே" என்றார் மகாதேவன்.

கீழே தெருவில் பால்காரன் போனான். முதலில் வாயைத் திறந்தவன் பையன்தான். "அப்பா, தோடெல்லாம் வேண்டாம்பா" என்றான். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் அடுப்படிவரை கேட்டிருக்கும்.

சுந்தரராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வைரத்தோடு போனது அவரை அவ்வளவாகப் பாதித்ததாகத் தெரியவில்லை. முப்பது வருஷம் கணக்கு எழுதிய மனிதருக்கு, கட்ட வேண்டாத வரியை ஒருவர் கட்டியதுதான் பொறுக்கவில்லை. "தோடு கிடக்கட்டும். தையிலே முகூர்த்தம் பாருங்கோ" என்றார். உடனேயே, "ஆனா முப்பத்தெட்டு ரூபாயை அவாகிட்டே சும்மா விடப்படாது. ரிஃபண்ட் கேக்கலாம். செலவெல்லாம் சொல்லுங்கோ, நானே இங்கிலீஷ்லே எழுதிக் கொடுக்கறேன். இந்தச் சலானை அதோட சேத்துப் பின் பண்ணணும்" என்று அதைத் தன் பைக்குள் வைக்கப் போனார்.

மகாதேவன் எழுந்தார். சம்பந்தியின் விரல்களிலிருந்து சலானை மெதுவாக உருவி எடுத்து, மடிப்புக் கலையாமல் மடித்து, தன் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.