மாப்பிள்ளைக்கு வந்த இறால்

சாய்ந்தமருதில் பெண் எடுத்தவன் பெண் வீட்டில்தான் குடியிருக்க வேண்டும். மருதமுனைக் கைத்தறிச் சாரங்களை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊர் ஊராக விற்கும் ஜுனைட்டும் அப்படித்தான் வந்து சேர்ந்தான். வந்து ஏழு மாதம். ஏழு மாதமும் இறால்! பொரித்த இறால், இறால் ஆணம், முருங்கைக் கீரையிலும் இறால். மருமகன் முன்னால் மாமி வருவது வழக்கமில்லை. தட்டு அறைக்குள் வரும். மாமி ஆயிஷா உம்மா தன் பங்கையும் சேர்த்து அதில் வைத்துத்தான் அனுப்புவாள்.

அவனுக்கோ இறால் என்றால் மௌத்துத்தான். பத்து வயதில் ஒன்றே ஒன்று தின்று, முகம் வீங்கி, தொண்டை அடைத்து, ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுத்தான் உயிர் மீண்டது. கலியாணம் பேசும்போது, "மாப்பிள்ளைக்கு நோய் வருத்தம் ஏதும் இரிக்கா?" என்று கேட்டார்கள். "ஒண்டுமில்ல" என்று அவன் உம்மா சொல்லிவிட்டாள். சொன்னதை இனி எந்த முகத்தோடு மாற்றுவது? மனைவி அஸ்மியாவிடம்கூட வாய் திறக்கவில்லை. தட்டில் வந்ததைப் பொலித்தீன் பையில் கட்டி, சாரத்து மடியில் செருகி, கடற்கரையில் போய் வீசுவான். பிறகு கடையில் பாண் துண்டு தின்று பசியாறுவான். கள்ளனுக்குக்கூட இவ்வளவு பயம் இருக்காது.

ஒரு நாள் பகல். அவன் பையைக் கட்டிக்கொண்டிருக்கும்போது, சுகாதாரக் கணக்கெடுப்புக்கு வந்த ஹிமாயா என்ற பெண் முன் ஹோலில் உட்கார்ந்துவிட்டாள். வெளியே போக வேறு வழியில்லை.

"சாப்பாடு ஒத்துக்காம மூச்சுத் திணறின ஆக்கள் ஆரும் இந்த வூட்டில இரிக்காங்களா?"

"அப்பிடி ஒருத்தரும் இல்ல, புள்ள" என்றாள் மாமி. பிறகு அவள் குரல் இறங்கியது. "றால் திண்டா எனக்குத்தான் தொண்ட அடைக்கும். சின்ன வயசில இருந்தே. அத எழுதிராதீங்க. நோய்க்காரக் குடும்பத்தில பொண்ணு எடுத்துட்டன் எண்டு மருமகன் நினைப்பாரு. அவருக்கு றால் எண்டா உசிரு."

ஜுனைட்டுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இப்போது வெளியே வந்து உண்மையைச் சொன்னால் ஒட்டுக்கேட்டவன் ஆகிவிடுவான். மாமி வெட்கத்தில் செத்துப்போவாள். இத்தனை நாளும் உம்மாவின் பொய் மட்டும்தான் அவனைக் கட்டிப்போட்டிருந்தது. இனி மாமியின் மானமும் சேர்ந்துகொண்டது.

ஹிமாயா போனதும், மடியில் பையோடு, அவள் நடந்துகொண்டிருந்த ஒழுங்கைக்கு ஓடினான்.

"தங்கச்சி, அந்த வூட்டுக்கு ரெண்டு எண்டு போடுங்க. பேர் வேணாம். வூட்டுல சொல்லிராதீங்க."

அவள் கொப்பியைப் புரட்டினாள். "இண்டைக்கு நாற்பது வூட்டுக்குப் போனன், நானா. எல்லா வூட்டிலயும் இல்ல எண்டுதான் சொன்னாங்க. ஒழுங்கைக்கு ஓடி வந்து சொன்னதில நீங்க நாலாவது ஆள்."

ஜுனைட் இரு பக்கமும் இருந்த வீடுகளைப் பார்த்தான். அந்த மூன்று பேர் எந்த வீட்டில், எந்தத் தட்டுக்கு முன்னால் இருக்கிறார்களோ? கேட்க முடியாது. கேட்டால் தன்னையும் சொல்ல வேண்டும்.

திரும்பி வந்தபோது அஸ்மியா கேற்றடியில் நின்றாள்.

"உம்மா கேக்காங்க, ராவைக்கும் றால் ஆக்கவா?"

"ஓம்" என்றான்.