கட்டைமீனுக்கு எவ்வளவு ஈயம்?

ஈயம் உருகும்போது வருகிற வாடை நாக்கில் பழைய சாவியை வைத்தது போலிருக்கும். எனக்குப் பதினாலு வயதாக இருந்தபோது, திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் மூன்று வாரம் அந்த வாடைதான். அம்மாவின் இரும்புக் கரண்டியை நான் தீய்த்த கதையை அவள் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

எல்லாம் அக்கா புருஷனால் வந்தது. கல்யாண முருங்கைக் கட்டையை மடவை மீன் மாதிரி செதுக்கி, தண்ணீர் இறங்காமலிருக்கக் கீல் பூசி, அதன்மேல் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை ஒட்டி, நான் 'கட்டைமீன்' செய்துகொண்டிருந்தேன். துறைமுகத்தில் வேலை பார்க்கும் மாமா அதைப் பார்த்துவிட்டு மீசையைத் தடவினார்.

"மரத்த எந்த மீன்டா துன்னும்? மூணு ஞாயித்துக்கெழம டைம் தரேன் மச்சான். எண்ணூருல இத்த வச்சு ஒரு கொடுவா புடிச்சுட்டா என் மீசைய எடுத்துடறேன். இல்லாங்காட்டி உன் கிராப்பு காலி."

நெற்றியில் சுருண்டு விழும்படி ஆறு மாதம் எண்ணெய் ஊற்றி வளர்த்த கிராப்பு அது. ஆனாலும் மீசையில்லாத மாமாவைப் பார்க்கிற ஆசையில் ஒப்புக்கொண்டேன்.

கட்டைமீன் மிதக்கவும் கூடாது, முழுகவும் கூடாது. களைத்துப்போன மடவை போல நடுத்தண்ணீரில் தொங்க வேண்டும், அப்போதுதான் கொடுவா ஏமாறும். அதன் வயிற்றில் துளை போட்டு, ஈயம் ஊற்றி, கொல்லைத் தொட்டியில் விட்டு, சுரண்டி, மறுபடி ஊற்றி, ஒருவழியாகத் தொங்க வைத்தேன். முதல் ஞாயிறு எண்ணூர் கழிமுகத்தில் போட்டால் தக்கை மாதிரி மேலே வந்து படுத்துக்கொண்டது.

"இன்னா மச்சான், உன் மீனு காத்து வாங்கினு கீது?" என்றார் கூடவே வந்திருந்த மாமா.

வீட்டுக்கு வந்து தொட்டியில் போட்டேன், ஒழுங்காகத் தொங்கியது. இரண்டாவது ஞாயிறு, கழிமுகத்தில் மறுபடி மிதந்தது. கட்டையைத் திட்டினேன், கீலைத் திட்டினேன், மாமாவின் கொள்ளிக்கண்ணையும் திட்டினேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அக்கா தலையைக்கூடத் தூக்கவில்லை.

"டேய், தொட்டியிலயா கொடுவா புடிக்கப்போற? அங்க உப்புத் தண்ணி. உப்புத் தண்ணி தூக்கும்டா, மக்கு."

அவளிடம் "தெரியும் போ" என்று சொல்லிவிட்டு, மறுநாளே சைக்கிளில் குடத்தைக் கட்டிக்கொண்டு போய்க் கழிமுகத் தண்ணீரைக் கொண்டுவந்தேன். அதில் பாதியை அம்மா உலையில் ஊற்றிவிட்டாள், அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. மீதித் தண்ணீரில் துவரம்பருப்பளவு ஈயத் துண்டுகளாகச் சேர்த்துச் சேர்த்துக் கட்டைமீனைத் தொங்க வைத்தேன். மாமாவின் மீசை என் கையில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை பிடித்த மழை சனிக்கிழமைதான் விட்டது. ஞாயிறன்று கழிமுகம் செக்கச்செவேல் என்று ஓடியது. நான் போட்ட கட்டைமீன் தொங்கவில்லை, மிதக்கவுமில்லை. நேரே கீழே போய்ச் சிப்பிப் பாறையில் மாட்டிக்கொண்டது. இழுத்தேன், தூண்டில் நரம்பு அறுந்தது. தண்ணீரை அள்ளி வாயில் விட்டுப் பார்த்தேன், துளி உப்பில்லை.

"மாமா, பந்தயத்துல மழ கெடையாது!"

"மழன்னா கொடுவாக்கு லீவாடா? நட கடைக்கு."

அடுத்த வாரம் உப்பு திரும்பியது. நான் மொட்டைத் தலையோடு புதுக் கட்டைமீனை எடுத்துக்கொண்டு மாமாவிடம் போய் இன்னொரு பந்தயம் கேட்டேன். அவர் என் தலையைத் தடவிப் பார்த்தார்.

"வைக்கறதுக்கு உன்கிட்ட இன்னாடா கீது?"

இத்தனை வருஷம் கழித்து, போன மாதம் ஒரு வாளியோடு எண்ணூர் போனேன். அனல்மின் நிலையத்துச் சாம்பல் கலந்த தண்ணீர் கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது. அதை வாளியில் மொண்டு, வீட்டில் செய்து எடுத்துப்போன கட்டைமீனை உள்ளே விட்டேன். சுரண்டாமல், சேர்க்காமல், முதல் தடவையே நடுத்தண்ணீரில் அழகாகத் தொங்கியது. கழிமுகத்தில் வீசிவிட்டு மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தேன். அங்கேயும் அப்படியே தொங்கியது. கடிக்கத்தான் ஒரு மீன் இல்லை.